மலையிடுக்கு வழியாக ஆற்றோடு நடக்கப் போகிறவர்களுக்கு

கேள்வி இது: "நண்பர்கள் நான்கு பேர், ஆறு குடைந்து ஓடும் ஒரு மலையிடுக்கு வழியாக ஒருநாள் நடைப்பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறோம். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி அது. எங்களுக்கு மலை ஏறி இறங்கிய பழக்கம் உண்டு. இது அதைவிடச் சுலபம்தானே? பாதையை விட்டு இறங்காதே, கல்லை நகர்த்தாதே, நாயைக் கூட்டி வராதே என்று ஏகப்பட்ட விதிகள் போட்டிருக்கிறார்களே, அதெல்லாம் எதற்கு?"

சுலபம் என்று நினைத்துப் போகாதீர்கள். கடினம் என்றும் சொல்ல மாட்டேன். மலை ஏறுவதற்கும் இதற்கும் கணக்கே வேறு. இடுக்குக்குள் நீங்கள் கால் வைக்கிற தரை பெரும்பாலும் ஆற்றுக்குச் சொந்தமானது. வருடத்தில் சில நாட்கள், சில மணி நேரம் மட்டும் ஆறு அந்த இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் ஓரமாக ஒதுங்கி ஓடும். அந்த நாட்களில்தான் நாம் நடக்கிறோம். எங்கே உட்காரலாம், எப்போது திரும்ப வேண்டும், எந்தக் கல்லை ஏன் தொடக் கூடாது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் அடங்கும். ஆகவே அந்த இடுக்கு எப்படி உண்டானது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எல்லா ஆறும் தன் படுகையை அரித்துக்கொண்டுதான் ஓடுகிறது. இரு பக்கச் சரிவுகளும் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து அகலமாகும் வேகத்தைவிட, ஆறு கீழே வெட்டும் வேகம் கூடுதலாக இருந்தால் பள்ளத்தாக்கு ஒடுங்கிச் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். அதற்கு நிலம் மெல்ல உயர்ந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது ஆறு போய்ச் சேரும் மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும். பாறையும் சரிந்து விழாமல் நிற்கும் அளவுக்கு உறுதியாக இருக்க வேண்டும். சில இடங்களில் அருவி பின்னோக்கி நகர்ந்து நகர்ந்தே இடுக்கை உண்டாக்கிவிடும். நயாகரா அருவி சுமார் 12,000 ஆண்டுகளில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. அது விட்டுவந்த தடம்தான் இன்றைய நயாகரா இடுக்கு.

இதில் முக்கியமானது, பாறையை வெட்டுவது வெறும் தண்ணீர் இல்லை, தண்ணீர் சுமந்து வரும் மணலும் கல்லும் என்பது. தெளிந்து சலசலத்து ஓடும் நாளில் ஆறு பாறையை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை. கலங்கி, கற்களை உருட்டிக்கொண்டு வரும் நாளில்தான் பெரும்பாலான வேலை நடக்கிறது. படுகைப் பாறையில் வட்டமாக, ஆழமாக, உள்பக்கம் வழவழவென்று இருக்கும் குழிகளை வழியெங்கும் பார்ப்பீர்கள். குனிந்து உள்ளே பாருங்கள்: அடியில் உருண்டையான கற்கள் சில கிடக்கும். வெள்ளத்தின் சுழலில் அந்தக் கற்கள் ஆட்டுரலில் குழவி சுற்றுவதைப் போலச் சுற்றிச் சுற்றித்தான் குழி விழுந்திருக்கிறது. நீங்கள் படம் எடுக்க நிற்கப்போகும் வளைந்த சுவர், வரிவரியான பாறை, நடுவில் சிக்கி நிற்கும் பெரிய கல் எல்லாமே வெள்ள நாளின் கைவேலைதான். அந்த அழகைச் செய்த வெள்ளம் திரும்பவும் வரும்.

அது எவ்வளவு உயரம் வரும் என்பதை அந்த இடமே எழுதி வைத்திருக்கிறது. இடுக்குக்குள் நுழைந்ததும் சிறிது நேரம் நின்று, ஆற்றை விட்டுவிட்டு இரு பக்கச் சுவர்களையும் நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேலே, பல இடங்களில் இரண்டு மூன்று ஆள் உயரத்தில், பாறை வெடிப்பில் ஒரு மரக்கட்டை குறுக்கே சிக்கியிருக்கும். பட்டை முழுக்க உரிந்து, வெயிலில் வெளுத்து, இரண்டு முனையும் சிராய்ந்திருக்கும். அதில் சருகும் வேரும் நாணலும் கத்தையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்; எல்லாத் தண்டும் ஆறு போகும் திசைக்கே மடங்கியிருக்கும். அந்தக் கட்டையை யாரும் அங்கே தூக்கி வைக்கவில்லை. மிதந்து வந்தது அது. நீர்மட்டம் அங்கே இருந்திருக்கிறது.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். சிக்கிய குப்பையில் இலைகள் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அண்மையில் வந்த வெள்ளம். மண் படிந்து, அதிலேயே புல் முளைத்திருந்தால் பழையது. சுவரில் கற்பாசி எந்த மட்டத்துக்கு மேலே படர்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். அது மிக மெதுவாக வளரும். அடிக்கடி வெள்ளம் தேய்த்துவிட்டுப் போகும் உயரத்தில் அது நிலைக்காது. கீழே மழித்துவிட்ட வெறும் பாறை, மேலே சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்த பாறை என்று ஒரு கோடு தெரிந்தால் அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிட உட்காருவது, பையை இறக்கி வைப்பது, ஓய்வெடுப்பது எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். அந்தக் கோட்டுக்கு மேலே ஏறுவதற்கு இடமே இல்லாமல் சுவர் நெருங்கும் பகுதிகள் வரும். அவற்றை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வைத்து, நிற்காமல் கடந்துவிட வேண்டும்.

இனி வானிலை. இதில்தான் மலையேறிப் பழகியவர்கள் ஏமாறுகிறார்கள். தலைக்கு மேலே வானம் நீலமாக இருந்தால் போதும் என்று மனம் சொல்லும். இடுக்குக்குள்ளிருந்து தெரிவதோ ஒரு கீற்று வானம். உங்களுக்குத் தேவையான செய்தி அந்தக் கீற்றில் இல்லை. ஆறு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வாங்குகிறதோ அந்த நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதிலும் இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை இல்லை என்றே சொல்லலாம். பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த இடிமழை அது. 2018 ஆகஸ்ட் 20 அன்று இத்தாலியின் ரகனெல்லோ இடுக்கில் 10 பேர் இறந்ததும் மேலே பெய்த மழையால் வந்த வெள்ளத்தில்தான்.

அகன்ற ஆற்றில் ஒரு கனமழை நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும். இடுக்கில் அதே தண்ணீர் பக்கவாட்டில் பரவ இடம் இல்லாததால் மேலே ஏறும், வேகமும் கூடும். நீர்ப்பிடிப்புப் பகுதி வெறும் பாறையாகவோ, காய்ந்து இறுகிய மண்ணாகவோ, அண்மையில் காடு எரிந்த இடமாகவோ இருந்தால் மழை நிலத்தில் இறங்காது. பெய்தது பெய்தபடி ஓடிவந்துவிடும். அதனால் கிளம்பும் முன்தினமும் கிளம்பும் காலையும் முன்னறிவிப்பைப் பாருங்கள். நீங்கள் நடக்கும் ஊருக்கு மட்டும் இல்லை, ஆறு தொடங்கும் மேட்டுப்பகுதிக்கும். இடியுடன் மழை என்று அங்கே போட்டிருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம். இதில் நான் பேரம் பேசுவதே இல்லை, யார் எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருந்தாலும் சரி.

பாதுகாப்புப் பகுதியை நடத்துபவர்கள் இதை எண்ணிக்கையோடு செய்கிறார்கள். அமெரிக்காவின் ஸயான் தேசியப் பூங்காவில் வர்ஜின் ஆற்றின் 'நேரோஸ்' என்ற இடுக்கில் பாதையே ஆற்றுக்குள்தான். அங்கே நீரோட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இருக்கும் சமரியா இடுக்கு மே மாதம் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். குளிர்காலம் முழுக்க அது ஆற்றின் கையில். கோடையிலும் மழை அறிவிப்போ கடும் வெப்பமோ இருந்தால் அன்று கதவு திறக்காது. நீங்கள் போகும் இடத்திலும் இப்படி ஓர் அளவு இருக்கும். அலுவலகத்தில் "இன்று திறந்திருக்கிறதா" என்று மட்டும் கேட்காமல், "தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, நேற்றைவிடக் கூடுதலா குறைவா, ஆற்றில் மேலே அணை இருக்கிறதா" என்று மூன்றையும் கேளுங்கள்.

அணையைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அணை இருக்கும் ஆற்றில் வெள்ளத்துக்கு மழையே வேண்டாம். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் இறங்கி நின்ற 24 பொறியியல் மாணவர்கள் லார்ஜி நீர்மின் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். நல்ல வெளிச்சம், மழை இல்லை, ஆற்றின் நடுவே காய்ந்த பாறைகள். இறங்கி நிற்க அழைப்பது போலவே இருந்திருக்கும். மேலே அணை இருந்தால் தண்ணீர் திறக்கும் நேரம், சங்கு ஊதும் முறை இரண்டையும் விசாரிக்காமல் படுகையில் கால் வைக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே இருக்கும்போது தண்ணீர் வரலாம். வருவதற்கு முன்னால் சில அறிகுறிகள் தெரியும். தெளிவாக இருந்த நீர் கலங்கலாகும். சுள்ளியும் சருகும் நுரையும் மிதந்து வரத் தொடங்கும். கணுக்காலை நனைத்துக்கொண்டிருந்த அதே கல்லில் நீர் ஒரு விரல்கடை ஏறியிருக்கும், அல்லது காரணமில்லாமல் இறங்கியிருக்கும். காற்று திடீரென்று குளிரும். ஆற்றின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு முழக்கம் கேட்கும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலே போதும்; இரண்டாவதற்குக் காத்திருக்காதீர்கள். செய்ய வேண்டியது மேலே ஏறுவது. வந்த வழியே ஓடினால் வெள்ளத்தை முந்த முடியாது. பையை எடுக்க, காயப்போட்ட துணியை எடுக்க, நடந்ததைப் படம் பிடிக்க என்று எதற்கும் நிற்காமல் பக்கத்தில் இருக்கும் உயரமான திட்டில் ஏறுங்கள். ஏறிய பிறகு பொறுமை வேண்டும். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடுகிறார்கள்; கிளையாறுகளின் தண்ணீர் பிந்தி வந்து சேரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர் தெளிந்து பழைய மட்டத்துக்கு வரும்வரை மேலேயே இருங்கள், அது இரவானாலும் சரி.

வெள்ளம் இல்லாத நாளிலும் ஆற்றைக் கடக்க வேண்டிவரும். முழங்கால் அளவுதானே என்று தோன்றும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வேகமாக ஓடும் வெள்ளநீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும் என்பது அமெரிக்க வானிலைத் துறை பொதுமக்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை. அதனால் ஆழத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சுள்ளியை நீரில் போட்டு, அது நீங்கள் சாதாரணமாக நடக்கும் வேகத்தைத் தாண்டிப் போனால் வேறு இடம் தேடுங்கள். ஆறு குறுகுமிடத்தில் அது ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும். அகலமாகப் பரந்து, பல கிளையாகப் பிரிந்து, கூழாங்கல் தெரிய ஓடும் இடமே கடக்கத் தகுந்தது. இறங்குவதற்கு முன் கீழ்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அருவியோ, குறுக்கே விழுந்த மரமோ இருந்தால் அங்கே வேண்டாம். விழுந்த மரத்தின் கிளைகள் தண்ணீரை விட்டுவிடும், ஆளை விடாது.

கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு வரலாம். நீர் வரும் திசையைப் பார்த்து, கோலை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்திப் பக்கவாட்டில் போக வேண்டும். பெரிய கல்லின் தலையில் மிதிக்காமல், கற்களுக்கு நடுவே இருக்கும் சரளையில் மிதியுங்கள். கால் வழுக்கி நீர் இழுத்துவிட்டால் உடனே எழுந்து நிற்கத் துடிப்பதுதான் பெரிய ஆபத்து. பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால் நீரின் விசை உடலை முன்னால் அழுத்திவிடும். முழங்கால் ஆழத்திலும் அப்படி இறந்திருக்கிறார்கள். மல்லாந்து, கால்களைக் கீழ்த்திசைக்கு நீட்டி மேலே தூக்கி வைத்து, கைகளால் துழாவிக் கரைக்கு ஒதுங்கி, வேகம் அடங்கிய இடத்தில் எழுந்திருங்கள்.

காலணி பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆற்றுக்குள் நடக்கும் பாதைக்கு நீர்புகாக் காலணி வேண்டாம். மேலே ஏறி உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போகாமல் கனக்கும். நீர் வடியும் துணிக் காலணி, பிடிப்புள்ள ரப்பர் அடிப்பகுதி, கம்பளிக் காலுறை போதும். செருப்பு கூடாது. ஈரப்பாறையில் கறுத்து மினுங்கும் இடம் பாசி பிடித்தது. மங்கலாக, சொரசொரப்பாகத் தெரியும் இடத்தில் மிதியுங்கள்.

மலைக்கும் இடுக்குக்கும் இன்னொரு வித்தியாசம், உழைப்பு தலைகீழாக இருப்பது. மலையில் முதலில் ஏறுகிறோம், களைத்தால் திரும்பி இறங்குகிறோம். இடுக்கில் பெரும்பாலும் விளிம்பிலிருந்து இறங்கித்தான் தொடங்க வேண்டும். களைத்த பிறகுதான் ஏற்றம் வரும். இறங்கும்போது மூச்சு வாங்காததால் உடம்பு தாக்குப்பிடிக்கிறது என்று நினைத்துவிடுவோம். உண்மையில் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கின்றன. அந்த வேலைதான் தசையை அதிகம் நோகடிக்கும். சமரியாவில் சுமார் 1,200 மீட்டர் உயரத்திலிருந்து 16 கிலோமீட்டர் இறங்கிக் கடற்கரைக்கு வருகிறார்கள். அங்கிருந்து சாலை இல்லை, படகுதான். பாதியில் மனம் மாறினால் வந்த உயரம் முழுவதையும் திரும்ப ஏற வேண்டும். போய்த் திரும்பும் பாதை என்றால், கையில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்புவது என் பழக்கம். வறண்ட, அகலமான இடுக்குகளில் கீழே போகப் போக வெப்பம் கூடும், ஏறத்தாழ 100 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம். விளிம்பில் இதமாக இருக்கும் காலை, அடியில் உச்சிவெயிலாக மாறியிருக்கும். குறுகிய, மரமடர்ந்த இடுக்கில் இதற்கு நேர்மாறு. குளிர்ந்த காற்று அடியில் தேங்கி நிற்கும், நனைந்த உடையோடு நின்றால் நடுங்கும்.

பொழுதும் முன்னதாகவே சாயும். ஊரில் மாலை ஆவதற்கு வெகுநேரம் முன்பே சூரியன் சுவருக்குப் பின்னால் போய்விடும். ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம். செல்பேசிக்குச் சிக்னல் இருக்காது. ஜிபிஎஸ்கூடச் செயற்கைக்கோள்களைச் சுவர்கள் மறைப்பதாலும், பாறையில் பட்டுத் திரும்பும் அலைகளாலும் நீங்கள் நிற்காத இடத்தைக் காட்டும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், காகிதத்திலும் ஒன்று இருக்கட்டும். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பாவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று வெளியே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆற்றின் இரைச்சலில் குரல் எடுபடாது, விசில் கேட்கும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது பல நாடுகளின் மலைப்பகுதிகளில் உதவி கேட்கும் முறை.

கல் விழுவது இன்னொன்று. மழைக்கு மறுநாள், பனி உருகும் காலை நேரம், பலத்த காற்று ஆகியவை கல் உதிரும் பொழுதுகள். மேலே மேயும் ஆடுகளும் தள்ளிவிடும். சுவரின் அடியில் புதிதாக உடைந்த, கூர்மையான, பாசி படியாத கற்கள் சிதறிக் கிடந்தால் அந்த இடத்தில் உட்கார வேண்டாம். தைவானின் தாரோகோ இடுக்கில் சில பாதைகளுக்குத் தலைக்கவசம் கொடுத்துவந்தார்கள். அதே இடத்தில் 2024 ஏப்ரல் 3 நிலநடுக்கத்தில் பாறைகள் சரிந்து உயிர்கள் போயின, பாதைகள் மூடப்பட்டன. கவசம் கொடுத்தால் வெயிலைச் சாக்கு வைத்துக் கழற்றாதீர்கள்.

மடுவில் குதிக்காதீர்கள். நேற்றைய வெள்ளம் அடியில் எந்தக் கட்டையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. வெயிலே படாத நீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கலாம். அதில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னிச்சையாக மூச்சை இழுக்கும், தலை நீருக்குள் இருக்கும்போது. நன்றாக நீந்துபவர்களும் இதில் தப்புவதில்லை. அருவியின் தலைப்பகுதிக்கும் போக வேண்டாம். குடிநீரைப் பொறுத்தவரை, தெளிவாக இருப்பதால் மட்டும் ஆற்றுநீர் குடிக்கத் தகுந்தது ஆகிவிடாது. ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்.

இனி நீங்கள் கேட்ட விதிகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இடுக்கு என்பது வெளி உலகத்திலிருந்து பிரிந்த தனித் தட்பவெப்பம். நிழல், அருவியின் சாரல், தேங்கிய குளிர்ச்சி ஆகியவை சேர்ந்து, சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் தாங்காத பெரணிகளும் பாசிகளும் அங்கே வாழ வழி செய்கின்றன. எதிரெதிர்ச் சுவர்களையே ஒப்பிட்டுப் பாருங்கள்: வெயில் படும் சுவரில் ஒரு காடு, படாத சுவரில் முற்றிலும் வேறொரு காடு. கோடரியும் மேய்ச்சலும் காட்டுத்தீயும் எட்டாத செங்குத்துப் பாறைகள் பழைய மரங்களுக்கு அடைக்கலமாக இருந்திருக்கின்றன. கனடாவின் நயாகரா மலைச்சரிவுப் பாறைகளில் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நிற்கும் வெள்ளை சீடர் மரங்களை யாரும் பொருட்படுத்தியதில்லை. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் லார்சனும் அவருடைய குழுவினரும் 1980களின் இறுதியில் வளையங்களை எண்ணிப் பார்த்தபோது அவற்றில் சில ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவை என்று தெரியவந்தது. ஏறுவதற்குக் கைப்பிடியாக நீங்கள் பற்றும் அந்த ஒல்லி மரத்தின் வயது உங்களுக்குத் தெரியாது. பாதையை விட்டு விலகாதே என்பதற்கு இதுதான் காரணம். பாறை விளிம்பில் மண் சில விரற்கடை ஆழம்தான்; ஒரு குறுக்குவழியை நூறு பேர் மிதித்தால் அது அடுத்த மழையில் வெறும் பாறையாகிவிடும்.

கல்லை நகர்த்தாதே என்ற விதி பலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் படுகிறது. ஆழமில்லாத ஓர் ஓரத்தில் குனிந்து, நீருக்குள் இருக்கும் ஒரு கல்லின் பக்கவாட்டைச் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள், தூக்க வேண்டாம். மணலைத் துகள் துகளாக ஒட்டிக் கட்டிய சின்னக் குழல் ஒன்று ஒட்டியிருக்கும், நெல்மணி நீளம் இருக்கும். அசைவில்லாமல் இருக்கும் அது, கொஞ்சம் பொறுத்தால் நகரும். ஒரு முனையிலிருந்து கறுத்த தலையும் ஆறு கால்களும் வெளியே வரும். காடிஸ் பூச்சியின் புழு அது. தன் பட்டுநூலால் மணலைக் கோத்து வீடு கட்டிக்கொள்கிறது. பக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வால்போல இரண்டு மூன்று இழைகளோடு இருப்பவை வேறு பூச்சிகளின் இளம்பருவம். மீனும் தவளையும் பறவையும் இவற்றைத் தின்றுதான் வாழ்கின்றன. படத்துக்காகக் கல்மேல் கல் அடுக்குகிறவர் ஒவ்வொரு கல்லோடும் இந்தக் குடித்தனத்தை வெயிலில் எடுத்து வைக்கிறார். ஆற்றில் சோப்புப் போடாதே, வெயில் களிம்பு பூசிக்கொண்டு உடனே இறங்காதே என்பதும் இதே காரணத்தால்தான்.

மலம் கழிக்க நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போ என்பது பொதுவான வழக்கம். இடுக்கில் பல இடங்களில் அந்த 60 மீட்டரே கிடையாது. அதனால்தான் ஸயான் நேரோஸில் இரவு தங்குபவர்கள் அதையும் பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கூச்சப்படாமல் பை எடுத்துப் போங்கள். போகும் வழியெங்கும் ஒரே ஆறுதான். நாயைப் பொறுத்தவரை, அது யாரையும் கடிக்காத நாயாக இருக்கலாம். தரையில் கூடு கட்டும் பறவைக்கும் குட்டியோடு இருக்கும் விலங்குக்கும் அதன் வாசனையே வேட்டை விலங்கின் வாசனை. ஒதுங்கிப் போக அவற்றுக்கு இடுக்கில் வேறு பாதை இல்லை. வல்லூறு கூடு கட்டும் பருவத்தில் சில பாறைகளுக்குக் கீழே பாதையை மூடிவைப்பதும் இதனால்தான்.

இந்த இடங்கள் தாமாகவே பாதுகாக்கப்பட்டுவிடவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநில எல்லையை ஒட்டிய மியானஸ் ஆற்று இடுக்கில் கோடரி படாத பழைய ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் நின்றன. 1955இல் அந்த நிலத்தில் 60 ஏக்கரை வாங்க அங்கிருந்தவர்கள் தங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை ஈடாக வைத்தார்கள். நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு 7,500 டாலர் கடன் கொடுத்தது, அது திரும்ப வந்ததும் அடுத்த இடத்துக்குக் கடனாகக் கொடுக்கும் ஏற்பாட்டில். அந்த அமைப்பின் முதல் நிலக் கொள்முதல் அதுதான். அப்படிக் காப்பாற்றிய ஹெம்லாக் மரங்களுக்கு இன்று வேறு எதிரி வந்திருக்கிறது: ஆசியாவிலிருந்து போன, பஞ்சு போர்த்திய ஒரு சாறுண்ணிப் பூச்சி. கிழக்கு அமெரிக்காவில் 1951இல் வர்ஜீனியாவில் அதைக் கண்டார்கள். ஹெம்லாக் செத்தால் நிழல் போகும். நிழல் போனால் ஆற்றின் நீர் சூடாகும். குளிர்நீர் மீன்கள் போகும்.

கடைசியாகக் காலணியைக் கழுவச் சொல்லும் விதி. நுழைவாயிலில் தூரிகையும் கிருமிநாசினித் தொட்டியும் வைத்திருப்பார்கள், பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். 1994இல் ஆஸ்திரேலியாவின் வொல்லமை தேசியப் பூங்காவில் டேவிட் நோபல் என்ற பூங்கா அலுவலர் ஓர் இடுக்குக்குள் இறங்கியபோது யாருக்கும் தெரியாத ஒரு மரத்தைப் பார்த்தார். டைனோசர் காலத்துப் புதைபடிவங்களோடு உறவு சொல்லும் மரம்; இயற்கையில் முழுதாக வளர்ந்து நிற்கும் மரங்கள் நூறுகூட இல்லை. இடத்தை இன்றுவரை ரகசியமாக வைத்திருக்கிறார்கள். அப்படியும் 2005இல் அங்கே வேரழுகல் நோயை உண்டாக்கும் பைட்டாப்தோரா நுண்ணுயிர் கண்டுபிடிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் போனவர்களின் காலணி மண்ணில்தான் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். ஆகவே நீங்கள் கிளம்பும் முன்பே வீட்டில் காலணியின் அடிப்பள்ளங்களில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் நோண்டி எடுங்கள். தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கோலின் முனை, பையின் அடிப்பாகம், காலுறையில் ஒட்டிய விதைகள் இவற்றையும் பார்த்துவிடுங்கள். திரும்பி வந்ததும், வேறொரு ஆற்றுக்குப் போவதற்கு முன், இதையே இன்னொரு முறை செய்யுங்கள்.